விறகு அடுக்கியது யார்?

பட்டிமன்றத் தலைப்பு: காடு பற்றி எரியப் பெரிதும் காரணம் காலநிலையா? தாவரமா?
‘தாவரமே’ என்னும் அணியில் பேசிய பேச்சு

    

எனக்கு முன்னாலே பேசிய அம்மா வெயிலைப் பற்றிப் பேசினாங்க பாருங்க, எனக்கு இங்கேயே வேர்த்துப் போச்சு. (சிரிப்பு) வெப்பம் ஏறுகிறது, மழை குறைகிறது, காற்று வறள்கிறது, காடு எரிகிறது என்று படிப்படியாக அடுக்கினாங்க. அழகான பேச்சு. ஆனால் அம்மா, அடுப்பு எரியறதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் விறகைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றால் எப்படி? (கைதட்டல்)

இங்கே விறகடுப்பைப் பார்த்த தாய்மார்கள் நிறைய பேர் இருப்பீங்க. உங்களைத்தான் கேட்கிறேன். அக்கினி நட்சத்திரம், உச்சி வெயில், மத்தியானம் பன்னிரண்டு மணி. ஒரு பச்சை வாழைமட்டையை வெட்டி எடுத்து அடுப்பிலே வைத்து, தீக்குச்சியைக் கிழித்துப் பற்ற வையுங்க பார்ப்போம். எரியுமா? ஊதுகுழல் எடுத்து ஊதி ஊதிக் கண்ணிலே தண்ணி வரும். மட்டையிலே தீ வராது. அதே அடுப்பிலே மார்கழி மாசத்துக் காலைப் பனியிலே ஒரு காய்ந்த தென்னம்பாளையை வையுங்க. தீக்குச்சியைக் காட்டுறதுக்குள்ளே குப்பென்று பிடிக்கும்! வெயில் எங்கே இருந்தது? வாழைமட்டையோடு இருந்தது. தீ எங்கே வந்தது? பாளையிலே வந்தது. நடுவர் அவர்களே, என் கட்சி இவ்வளவுதான். தீர்ப்பை இப்போதே சொல்லிவிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. (சிரிப்பு)

சரி, அடுப்பை விட்டு மலைக்குப் போவோம். நீலகிரியிலும், பழனி மலையிலும், மூணாறு பக்கத்து மலைகளிலும் உச்சிக்குப் போனால் ஓர் அதிசயம் பார்க்கலாம். மலை மேடெல்லாம் புல்வெளி. இரண்டு மேட்டுக்கு நடுவிலே இருக்கிற பள்ளத்திலே குட்டையான மரங்கள் நெருக்கி நிற்கிற பச்சைக் காடு. இதைத்தான் சோலை என்கிறோம். புல்வெளிக்கும் சோலைக்கும் நடுவிலே வேலி கிடையாது. ஒரு கால் புல்லிலே, ஒரு கால் சோலையிலே வைத்து நிற்கலாம்.

இரண்டுக்கும் மேலே இருக்கிறது ஒரே வானம். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே காற்று. டிசம்பர், ஜனவரியிலே விழுகிற உறைபனியும் அந்த மலைக்கேதான். அந்தப் பனியிலே புல் கருகிப் பழுப்பாகிப் போகும். பிப்ரவரி, மார்ச்சிலே யாரோ ஒருவர் போட்ட நெருப்பு புல்லிலே பிடித்தால், மேட்டிலே ஏறி ஓடும். ஓடி வந்து சோலை ஓரத்தைத் தொட்டதும் பெரும்பாலும் அங்கேயே அணைந்துவிடும்! ஏன்? உள்ளே நிழல், ஈரம். மரத்தண்டிலே பாசி. தரையிலே மக்கிப்போன இலை பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கிறது. தீ வாசற்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ‘இந்த வீட்டிலே நமக்குச் சாப்பாடு கிடையாது’ என்று திரும்பிவிடும். (சிரிப்பு)

எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். காடு எரியப் பெரிதும் காரணம் காலநிலைதான் என்றால், ஒரே காலநிலையிலே இது எரிகிறது, பத்தடி தள்ளி அது ஏன் எரியவில்லை? வானம் என்ன பாரபட்சம் பார்த்து வெயில் அடித்ததா? (பலத்த கைதட்டல்)

எதிரணியிலே புலவர் ஐயா இலக்கியத்தை எடுத்தார். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு போனால் பாலையாகிறது, இளங்கோவடிகளே நம் கட்சி என்றார். ஐயா, நானும் அதே கடையிலேதான் சாமான் வாங்குகிறேன். (சிரிப்பு) தமிழன் நிலத்தை ஐந்தாகப் பிரித்தான். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. இந்த ஐந்தும் என்ன? வெயில் நாடு, மழை நாடு, பனி நாடு என்றா பெயர் வைத்தான்? ஐந்தும் செடி, கொடி, மரத்தின் பெயர்கள் ஐயா! குறிஞ்சி ஒரு செடி. முல்லை ஒரு கொடி. மருதம் ஒரு மரம். நெய்தல் ஒரு நீர்ப்பூ. பாலையும் ஒரு மரம். ஒரு நிலம் எப்படிப்பட்டது என்று தெரியணுமா, அண்ணாந்து பார்க்காதே, அங்கே என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து பார் என்று நம் பாட்டன் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனான். (பலத்த கைதட்டல்)

‘அதெல்லாம் சரி, காய வைப்பது வெயில்தானே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மொட்டை மாடிக்கு வாங்க. பாட்டி ஒரு பக்கம் அப்பளம் இட்டுக் காயப் போட்டிருக்காங்க. பக்கத்திலே மாங்காயைப் பெரிய துண்டாக நறுக்கி உப்புப் போட்டுக் காய வைத்திருக்காங்க. ஒரே மாடி, ஒரே வெயில். அப்பளம் சட்டென்று காய்ந்துவிடும். மாங்காய்க்கு எத்தனை நாள்? காட்டிலேயும் அப்படித்தான். காய்ந்த புல்லும் ஊசியிலையும் ஒரு மணி நேர வெயிலிலே தீக்குத் தயாராகிவிடும். தொடை பருமன் கட்டை காய வாரக்கணக்கிலே ஆகும். எவ்வளவு வெயில் வேண்டும் என்பதைக்கூட முடிவு செய்வது வெயில் இல்லை. கீழே கிடப்பது அப்பளமா மாங்காயா என்பதுதான் முடிவு செய்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

முதுமலைக்கு வாங்க. மேற்கே கூடலூர் பக்கம் ஆண்டுக்கு 1800 மில்லிமீட்டர் போல மழை. கிழக்கே மசினகுடியைத் தாண்டி மோயாறு பக்கம் போனால் 600 போல. எதிரணிக் கணக்குப்படி எங்கே அதிகம் எரியணும்? மழை குறைந்த கிழக்கே, முள்காட்டிலேதானே? அதுதான் இல்லை. அங்கே வெயில் இருக்கிறது, வறட்சி இருக்கிறது. எரிவதற்குத் தரையிலே புல் போதவில்லை. முள்மரம் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. நடுவிலே வெறும் மண். தீ தாண்ட முடியாது. மேற்குக் கோடியிலே செடி நிறைய, ஆனால் ஈரம். இரண்டுக்கும் நடுவிலே இருக்கிற இலையுதிர் காட்டிலேதான் தீ அதிகம். மழைக்காலத்திலே புல் ஆள் உயரம் வளருகிறது, கோடையிலே புல்லும் காய்கிறது, மரமும் இலையைக் கொட்டுகிறது. விறகும் தயார், அடுப்பும் தயார். ஆகவே, வெறும் வறட்சி காட்டை எரிக்காது; வளர்ந்து காய்ந்த செடிதான் எரிக்கும்.

இன்னும் ஒரு வேடிக்கை. மழையே தீயைக் கொண்டுவரும் என்றால் நம்புவீர்களா? ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பெரும்பாலும் வறண்ட பூமி. 1970-களின் நடுவிலே அங்கே கொட்டோ கொட்டென்று மழை கொட்டியது. பாலை மாதிரி கிடந்த நிலமெல்லாம் புல். அந்தப் புல் காய்ந்தது. 1974-75 பருவத்திலே எரிந்தது எவ்வளவு தெரியுமா? சுமார் 11 கோடியே 70 லட்சம் ஹெக்டேர்! நம்ம இந்தியாவின் பரப்பிலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ‘மழையும் காலநிலைதானே?’ என்று அம்மா கேட்கப் போறாங்க. கேளுங்க. அந்த மழை நேராக வந்து நெருப்பு வைத்ததா? புல்லாக மாறித்தானே எரிந்தது! சாட்சிக் கூண்டிலே மறுபடியும் எங்க ஆள்தான் நிற்கிறார். (சிரிப்பு)

ஆஸ்திரேலியாவிலே 2019-20-இலே மூண்ட பெருந்தீயை அம்மா சொன்னாங்க. 2019-தான் அந்த நாட்டின் பதிவுகளிலேயே மிக வெப்பமான, மிக வறண்ட ஆண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே எரிந்தது பெரும்பாலும் என்ன மரம்? யூகலிப்டஸ். அதன் இலையிலே எண்ணெய். பட்டை நாடா நாடாக உரிந்து தொங்கும். தீப்பிடித்த பட்டையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்த் தொலைவிலே போடும். அங்கே புதுத் தீ. அந்த மரத்தைத்தான் 19-ஆம் நூற்றாண்டிலே கொண்டுவந்து நம்ம நீலகிரியிலே நட்டார்கள். அங்கே ஊர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் என்ன? கற்பூர மரம்! (சிரிப்பு) பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கற்பூரத்தை மலை மலையாக நட்டு வைத்துவிட்டு, ‘ஐயோ, வெயில் கொளுத்திவிட்டது’ என்றால் வெயில் சிரிக்காதா? (பலத்த கைதட்டல்)

வடக்கே உத்தராகண்டிலே 2016-இலும் 2024-இலும் மலைக்காடுகள் எரிந்தன. அங்கே பாஞ்ச் என்று ஓர் ஓக் மரம் உண்டு. அகன்ற இலை, உதிர்ந்தால் மக்கும், மண்ணிலே ஈரம் நிற்கும். அந்த மலைகளிலேயே சிர் பைன் என்று ஊசியிலை மரம். அதன் ஊசி பிசின் நிறைந்தது. உதிர்ந்தால் சீக்கிரம் மக்காது. கோடையிலே மலைச்சரிவிலே கம்பளம் விரித்த மாதிரி கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். இன்னொரு சங்கதி கேளுங்க. பைனுக்குப் பட்டை தடிப்பு, தரைத்தீயைத் தாங்கிக்கொள்ளும். எரிந்த இடத்திலே ஓக் கன்று திணறும், பைன் முந்திக்கொள்ளும். அதாவது, தீ பைனை வளர்க்கிறது, பைன் தீயை வளர்க்கிறது. இரண்டும் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்ட சம்பந்திகள்! (சிரிப்பு)

கடல் கடந்து ஹவாய்த் தீவுகள். 2023 ஆகஸ்ட் 8. லஹைனா என்ற ஊர் ஒரே நாளிலே சாம்பலாயிற்று. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பலத்த காற்று, வறட்சி, எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்திலே என்ன இருந்தது? தண்ணீர் பாய்ச்சிய கரும்புத் தோட்டம். 1999-இலே ஆலையை மூடினார்கள். தோட்டம் தரிசாயிற்று. தரிசிலே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல் பரவிற்று. அதிலே ஒன்று கினியாப் புல். நம்ம ஊரிலே மாட்டுக்குப் போட வளர்க்கிறோமே, அதே புல்தான்! இங்கே அன்றாடம் அறுத்து மாட்டுக்குப் போடுகிறோம், பாலாகிறது. அங்கே அறுக்க ஆளில்லை, நெருப்பாயிற்று. புல் மேலே குற்றமில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனதுதான் குற்றம்.

இப்போது சிரிக்க முடியாத ஓர் இடத்துக்கு வருகிறேன். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம், போடி பக்கத்திலே குரங்கணி மலை. மலையேறப் போன இளம் பிள்ளைகள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் அதிலே இருந்தார்கள். இறங்கி வருகிற வழியிலே காய்ந்த புல் சரிவிலே தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெற்றவர்கள் எத்தனை பேர் அன்றைக்கு ராத்திரி தொலைபேசியைக் கையிலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்! (அரங்கில் அமைதி)

அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைய வெயில் தெரிந்திருக்கும். தொப்பி வைத்திருப்பார்கள், தண்ணீர் வைத்திருப்பார்கள். தாம் நடக்கிற தரை என்ன தரை என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. மேட்டை நோக்கி ஓடுகிற தீயின் முன்னாலே எந்த மனிதக் காலும் நிற்காது என்று யாரும் சொல்லவில்லை. காய்ந்த புல் சரிவு ஒரு தீப்பெட்டி. மார்ச் மாதத்திலே அதற்குள்ளே நடக்கக் கூடாது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால்? அதனாலேதான் சொல்கிறேன், இந்தத் தலைப்பு பொழுதுபோக்குக்காகப் பேசுகிற தலைப்பு இல்லை. வெயிலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தோம். புல்லைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். இன்னும் இரண்டே நிமிடம் ஐயா.

எதிரணிக்கு ஒன்றை நான் மனமாரத் தருகிறேன். பூமி சூடாகி வருவது உண்மை. தீ எப்போது வரும் என்று வானம் தேதி குறிக்கிறது; அந்தத் தேதிகள் கூடிக்கொண்டே போகின்றன. ஆனால் தேதி குறித்தால் மட்டும் கல்யாணம் நடக்குமா? பந்தலும் பந்தியும் வேண்டாமா? அந்தப் பந்தலைப் போட்டது யார்? நாம்! புல்வெளியிலே கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் நட்டது நாம். அழகுக்காக வெளிநாட்டிலிருந்து உண்ணிச்செடியைக் கொண்டுவந்ததும் மனிதர்தான். இன்றைக்கு முதுமலையிலும் பந்திப்பூரிலும் அது புதர் புதராக மண்டி, கோடையிலே காய்ந்து, தரையிலே ஊர்கிற தீயை மரத்து மேலே ஏற்றிவிடுகிற ஏணியாக நிற்கிறது. அது எரியட்டும் என்று விட்டால் அடியிலிருந்து மறுபடி துளிர்த்து வரும்.

ஆனால் பந்தலைப் போட்ட கை பிரிக்கவும் முடியும். கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் அந்த உண்ணிக் குச்சியை வெட்டி வளைத்து ஆளுயர யானைகள் செய்தார்கள். 2021-இலே அந்த யானைகள் லண்டன் பூங்காக்களிலே நின்றன! காட்டை எரிக்கிற செடி, காட்டு மக்களுக்குக் கஞ்சி ஊற்றியது. (கைதட்டல்) பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் கோடை முற்றுவதற்கு முன்னாலேயே சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பார்கள். ‘தரகு பெங்கி’ என்று அதற்குப் பெயர். தரையோடு ஓடி அணைந்துவிடும். பின்னாலே பெரிய தீ வர விறகு மிஞ்சாது. அதை நிறுத்திய பிறகுதான் உண்ணி பெருகியது என்று அவர்கள் சொல்கிறார்கள். சட்டப்படி அதை நாம் செய்யக் கூடாது. ஆனால் சின்னத் தீயாலே பெரிய தீயைத் தடுத்த அந்த அறிவைக் காதுகொடுத்துக் கேட்கலாமே?

வனத்துறை ஒவ்வோர் ஆண்டும் கோடைக்கு முன்னே தீத்தடுப்புக் கோடு போடுகிறதே, அது என்ன? வெயிலைத் தடுக்கக் கோடு போட முடியுமா? புல்லைச் செதுக்கி எடுத்து, தீக்குச் சோறு இல்லாமல் ஒரு பட்டை நிலத்தை விடுவதுதான் அந்தக் கோடு. அதைச் செதுக்குவதும், கோடை முழுக்கக் கண்விழித்துக் காவல் காப்பதும், தழைக் கொம்பை ஒடித்துத் தீயை அடித்து அணைப்பதும் பெரும்பாலும் அந்த மலையின் ஏழை மக்கள். அவர்களெல்லாம் என் அணி, நடுவர் அவர்களே! அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கவில்லை அவர்கள். குனிந்து புல்லைச் செதுக்குகிறார்கள். 2024 மார்ச்சிலே குன்னூர் பக்கம் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வாளியிலே தண்ணீர் மொண்டு ஊற்றியது. நல்லது. ஆனால் ஜனவரியிலே ஓர் அரிவாள் செய்கிற வேலைக்கு, மார்ச்சிலே ஒரு ஹெலிகாப்டர் தேவைப்படுகிறது! (பலத்த கைதட்டல்)

கேட்டுக்கொண்டிருக்கிற குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் நாட்டிலே காட்டுத்தீயிலே பெரும்பாலானது மனிதர் கையாலே பற்றுவது. பிப்ரவரிக்கு மேலே பிள்ளைகளை மலைக்கு அனுப்பினால், வனத்துறையிடம் அனுமதி வாங்கினீர்களா, போகிற வழி சோலையா, காய்ந்த புல்லா என்று கேளுங்கள். வண்டியிலே போகும்போது பீடி, சிகரெட் துண்டை வெளியே வீசாதீர்கள். மலையிலே மரம் நடுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால், என்ன மரம், எந்த நிலத்திலே என்று கேட்டுவிட்டு அப்புறம் மண்வெட்டியைத் தூக்குங்கள். பழைய புல்வெளியைப் புல்வெளியாகவே விடுவதும் காட்டைக் காப்பதுதான்.

நடுவர் அவர்களே, வெயில் மேலே பழி போட்டால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வெயில் எதிர்த்துப் பேசாது. நமக்கும் வேலை இருக்காது. அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். செடி மேலே தீர்ப்புச் சொன்னால், நாளைக் காலையிலே நமக்கு வேலை இருக்கிறது. எந்தத் தீர்ப்பு நம்மை வேலை செய்ய வைக்குமோ அந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். காடு பற்றி எரியப் பெரிதும் காரணம் தாவரமே, அதை அங்கே அடுக்கி வைத்த நாமே என்று கூறி முடிக்கிறேன். (நீண்ட கைதட்டல்)